இரண்டு வாளி டோக்கன்

கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் மாடிப்படி. அந்தப் படிக்குக் கீழே முக்கோணமாக ஓர் இடம் இருக்குமே, மற்றக் கட்டடங்களில் உடைந்த நாற்காலியும் துடைப்பமும் போட்டு வைப்பார்கள், அங்கேதான் டோக்கன் அக்கா பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். உட்காரத்தான் முடியும். எழுந்தால் தலை ஏழாவது படியில் இடிக்கும். முதல் வருஷம் நெற்றியில் வீக்கம் இல்லாத நாளே கிடையாது. அப்புறம் கழுத்து தானாகவே குனியப் பழகிக்கொண்டது. தன் வீட்டு வாசலைத் தாண்டும்போதும் குனிந்தபடிதான் வருவாள். "இது நம்ம வீடுதான், நிமிர்ந்தே வரலாம்" என்று அவள் புருஷன் கேலி செய்வார்.

வேலை இதுதான். நூலகத்துக்குள் பை கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் பையைக் கொடுப்பார்கள். இவள் வாங்கித் தட்டில் செருகிவிட்டு, நம்பர் அடித்த அலுமினிய டோக்கன் ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். திரும்பிப் போகும்போது டோக்கனைக் கொடுத்தால் பை. அவளுக்கு எழுத்து வராது. எண் வரும், நன்றாகவே வரும். அதனால் தனக்குத்தானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நாலு தடவை வந்துபோன முகத்துக்கு ஒரு நம்பர் என்று முடிவாகிவிட்டால், அந்தப் பிள்ளை கல்லூரியை விட்டுப் போகும்வரை அதே நம்பர்தான், அதே தட்டுதான். நாற்பது என்றால் வகுப்பில் முதலாவதாக வரும் பெண், பை கல்லைக் கட்டினமாதிரி கனக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் இவள் பெற்ற மகள், வணிகவியல் இரண்டாம் வருஷம். பதினேழு என்றால் கால்பந்து அணியின் கோல் கீப்பர், நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் படிக்க வருவதில்லை. காலையில் பயிற்சி முடித்துவிட்டு வாசிப்பு அறை மின்விசிறிக்குக் கீழே ஒரு தூக்கம் போட வருவான். இப்படி முந்நூறு பிள்ளைகளின் நம்பர் அவள் விரல் நுனியில் இருந்தது. தேடவே வேண்டாம், கை தானாகப் போய் எடுக்கும். இந்த வழக்கம் மேலே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

சின்னவளைப் பற்றிச் சொல்லாமல் டோக்கன் அக்காவைப் பற்றிச் சொல்லவே முடியாது. சின்னவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். குழாய் மட்டும் பொது. சின்னவளுக்கும் அதே கல்லூரியில்தான் வேலை. மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் பந்து, வலை, விளையாட்டுச் சட்டை எல்லாம் அவள் பொறுப்பு. ஆட்டம் முடிந்தால் சேறும் வியர்வையுமாக இருபது சட்டை வந்து விழும், அத்தனையும் அவள்தான் துவைக்க வேண்டும். வெயில் காலத்தில் கொட்டகை அடுப்பு மாதிரி கொதிக்கும், மழைக்காலத்தில் மூன்று இடத்தில் ஒழுகும். இதெல்லாம் டோக்கன் அக்காவின் கண்ணில் படாது. பட்டாலும் கணக்கில் சேராது. அவள் கண்ணில் பட்டதெல்லாம் வேறு.

பிள்ளைகள் சின்னவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டார்கள். அடிபட்டால் அவளிடம் ஓடினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அணி கோப்பை ஜெயித்தபோது, நேரே கொட்டகைக்குத் தூக்கிப் போய் அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சின்னவள் ஈரக் கையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, முதல்வர் அறைக்குப் போகிற வழியில் மாட்டிவிட்டார்கள். டோக்கன் அக்கா தினமும் காலையில் வருகைப் பதிவுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். சுவர்ப்பக்கம் பார்க்காமல் போகப் பழகியிருந்தாள். ஆனாலும் அந்த இடம் வந்தால் வயிற்றுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்தமாதிரி இருக்கும். நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தானே நாற்பதாம் நம்பர் மூன்று தடவை முதல் இடம் வாங்கினாள்? அவள் எந்தக் கோப்பையை இவள் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்? "தாங்க்ஸ்க்கா" என்று டோக்கனை மேசையில் வீசிவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் புது விளையாட்டரங்கம் வந்தது. கட்டடமாக இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் தெர்மோகோலில் செய்த மாதிரி வடிவமாக. மழை படாத இடம் நூலக வாசல் ஒன்றுதான் என்று அதைக் கொண்டுவந்து டோக்கன் அக்காவுக்கு நேர் எதிரே வைத்தார்கள். குனிந்தாலும் அதுதான், நிமிர்ந்தாலும் அதுதான். தினமும் கண்ணாடியைத் துடைக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. பச்சைத் தாள் ஒட்டின மைதானம், சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள், கிழக்குப் படிகளுக்குக் கீழே ஓர் அறை. அந்த அறை விளையாட்டுப் பொருள் காக்கிறவளுக்கு. அதில் தபால்தலை அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார்கள்.

சின்னவள் மதியச் சாப்பாட்டை முடித்ததும் தவறாமல் வந்துவிடுவாள்.

"அக்கா, பாருங்களேன், இதுதான் என் ரூம். ஜன்னல்கூட வச்சிருக்காங்க."

"பார்த்தேன் பார்த்தேன். கண்ணாடியத் தொடாத. கை அச்சு விழுது, நான்தான் துடைக்கணும்."

"உள்ளயே குழாய் வருதாம். துணி துவைக்க மெஷின் வருதாம்."

"மெஷின் வந்தா ஆள் எதுக்குன்னு கேப்பாங்க. பார்த்துக்க."

"போங்கக்கா, உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான்!"

தமாஷாம். டோக்கன் அக்கா துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

அரங்கம் கட்ட ஆகும் செலவில் பாதி மேலிடத்திலிருந்து வரும், மீதிப் பாதிக்கு மாணவர்கள் ஒவ்வொருவரும் வருஷா வருஷம் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொன்னார்கள். ஐந்து வருஷத்துக்கு. விளையாடுகிறவனும் கட்ட வேண்டும், பந்தையே தொடாதவனும் கட்ட வேண்டும். இந்த வருஷத்தோடு படிப்பு முடிந்து போகிறவர்கள் முதல் செங்கல்லைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கட்டிவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகளுக்குள் சண்டை மூண்டது. ஒரு கூட்டம் வேண்டும் என்றது, ஒரு கூட்டம் வேண்டாம் என்றது. கடைசியில், அவர்கள் காசு, அவர்களே சொல்லட்டும் என்று முதல்வர் வாக்கெடுப்பு வைத்தார்.

டோக்கன் அக்காவுக்குப் பேச ஓர் இடம் கிடைத்துவிட்டது. பையை வாங்குகிற கையோடு பேச்சையும் ஆரம்பிப்பாள்.

"ஏம்மா, நீ பந்து விளையாடுறியா?"

"இல்லைக்கா."

"உட்கார்ந்து பார்ப்பியா?"

"எப்பவாவதுக்கா."

"அப்ப எதுக்கும்மா நீ கட்டணும்? மேல வாசிப்பு அறையில நாலு மின்விசிறி ஓடல. கழிவறையில தாழ்ப்பாள் இல்ல. அதுக்குக் கட்டச் சொன்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு."

நாற்பதாம் நம்பர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளி விட்டுக்கொண்டு, "அநியாயம்க்கா. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றாள். டோக்கன் அக்காவுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அவள் பேசினதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. படிக்க வந்த பிள்ளையிடம் உட்காராத நாற்காலிக்குக் காசு கேட்பது முறையில்லைதான், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லலாம். ஆனால் சின்னவளுக்கு அந்த ஜன்னல் இல்லாமல் இருந்திருந்தால், டோக்கன் அக்கா அத்தனை பிள்ளைகளிடமும் தொண்டை வறளப் பேசியிருப்பாளா? மாட்டாள். மகள் மட்டும் இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ சொல்றது நியாயம்தான்மா" என்றாள் ஒரு நாள், வீட்டில் துணி மடித்துக்கொண்டே. "ஆனா நீ அதுக்காகச் சொல்லல."

"பின்ன எதுக்காகச் சொல்றேனாம்?"

"சித்திக்கு ஒரு ரூம் வந்தா உனக்கு என்னம்மா குறைஞ்சு போகுது?"

"எனக்கு என்ன குறையுது? நீதான் கட்டணும், எங்க பையிலேருந்துதான் போகணும். பெரிய மனுஷி மாதிரி பேசாத, அந்தச் சட்டைய ஒழுங்கா மடி."

மகள் சட்டையை ஒழுங்காக மடித்தாள்.

முன்னொரு தரம் மாணவர் தேர்தலுக்குச் சீட்டு வைத்தபோது, படிக்கிற பிள்ளைகளைவிட அறுபது சீட்டு அதிகமாக விழுந்து மானம் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை முதல்வர் ஒரு யோசனை செய்தார். டோக்கன் ஆயிரம்தான் இருக்கிறது, கடையில் வாங்க முடியாது, கள்ளமாக அடிக்கவும் முடியாது. அடையாள அட்டையைக் காட்டினால் ஆளுக்கு ஒரு டோக்கன். மறைப்புக்குப் பின்னால் இரண்டு வாளி, மூடியில் துளை. வேண்டும் என்றால் நீலம், வேண்டாம் என்றால் சிவப்பு. இதைச் சொல்ல அவரே மாடிப்படிக்குக் கீழே வந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முதல்வர் அந்த இடத்தில் தலை குனிந்து நின்றார்.

"எல்லாத்தையும் ஒரு பெரிய பேசின்ல கொட்டிக் கலந்துடுங்கம்மா. பார்க்காம எடுத்துக் குடுக்கணும், யாருக்கு எந்த நம்பர்னு தெரியக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார். உங்க தலை, சார், பார்த்து."

இடித்தேவிட்டது.

வாக்கெடுப்பு அன்றைக்குக் காலையில் அவள் சொன்னபடியேதான் செய்தாள். பேசினில் கொட்டினாள், கையை விட்டுக் கலந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். முதல் ஐம்பது பேருக்கு அப்படித்தான் போனது. அப்புறம் நாற்பது வந்தாள்.

"அக்கா, என் நாப்பது குடுங்க."

"இன்னிக்குக் கலந்துதான் குடுக்கணுமாம்."

"நாளைக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்கா. அது கையில பட்டா எனக்கு நல்லதுக்கா, ப்ளீஸ்."

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று டோக்கன் அக்கா பேசினைத் துழாவி நாற்பதை எடுத்துக் கொடுத்தாள். பின்னால் நின்றவன் பார்த்துவிட்டான். "அக்கா, எனக்கும் என்னோடது." அடையாள அட்டையைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒவ்வோர் அட்டையையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார், டோக்கன் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானத்துக்குள் டோக்கன் அக்கா வழக்கமான நம்பர்களை எல்லாம் பொறுக்கித் தனியாக மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். கேட்பதற்கு முன்னாலேயே கை கொடுத்தது. நெட்டைக்குப் பதினேழு, மகளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பத்தொன்பது வருஷத்துக் கை, அது பாட்டுக்குச் செய்தது.

சாயங்காலம் முதல்வர் அறையில் எண்ணினார்கள். வேண்டும் என்று நானூற்று முப்பத்து மூன்று, வேண்டாம் என்று நானூற்று ஐம்பத்தொன்று. பதினெட்டு வித்தியாசத்தில் அரங்கம் போயிற்று.

டோக்கன் அக்கா வராந்தாவில் நின்று கேட்டாள். சந்தோஷம் முகத்துக்கு வந்துவிடப் போகிறதே என்று முகத்தைத் துடைக்கிறமாதிரி முந்தானையால் மூடிக்கொண்டாள். எதிரே சின்னவள் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றாள். நெட்டை அவள் தோள்மேல் கை போட்டு, "விடுங்க சின்னம்மா, நாங்கள்லாம் உங்களுக்குத்தான் போட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, நூலகம் திறப்பதற்கு முன்னால், இரண்டு வாளியும் மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தன. டோக்கனை நம்பர் வாரியாக ஆணிகளில் மாட்ட வேண்டும். டோக்கன் அக்கா ஜெயித்த வாளியை முதலில் எடுத்தாள். ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ டோக்கன் கையில் வந்தபோது பாட்டு நின்றது.

பதினேழு.

உங்களுக்குத்தான் போட்டோம் என்று தோளில் கை போட்டவன் சிவப்பு வாளியில் கிடந்தான். டோக்கன் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடி சின்னவளே, இவனா உன் பிள்ளை! அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மடியில் வைத்துக் கொடுத்த நம்பர் அத்தனையும் இந்த இரண்டு வாளிக்குள்தானே இருக்கிறது? யார் எதில் போட்டார்கள் என்பது இந்தக் கல்லூரியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆசையோடு நீல வாளியை இழுத்தாள். பதினைந்தாவது டோக்கன் நாற்பது. நூற்றுக்கு நூறு சரி என்று சொன்னாளே, மகராசி! அப்புறம் அறுபத்தெட்டு, நூற்று மூன்று, நூற்று முப்பது. அவள் பேச்சுக்கெல்லாம் தலையாட்டின பிள்ளைகள் வரிசையாக நீல வாளியிலிருந்து வந்தார்கள். வாளியின் அடியில், பேசவே பேசாமல், இருநூற்றுப் பன்னிரண்டு கிடந்தது.

மகளின் நம்பரை ஆணியில் மாட்டப் போனவள் திரும்ப எடுத்துப் பார்த்தாள். திட்டவும் முடியாது. எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வாள்? அரங்கத்துக்காக அவள் போட்டிருக்க மாட்டாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? சித்திக்காகப் போட்டிருக்கிறாள். கோப்பை போனது, பிள்ளைகள் போனார்கள், இப்போது மகளும் அந்தப் பக்கம். ஜெயித்தவள் இவள், அள்ளிக்கொண்டு போனவள் அவளா?

அன்று சாயங்காலம் குழாயடியில் சின்னவள் இருந்தாள். குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. ரூம் போன துக்கம் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"பரவாயில்லைக்கா, போகட்டும்" என்றாள் சின்னவள், யாரும் கேட்காமலே. "ஆனா இது முழுக்க உங்க நூலகத்துக் கூட்டம் செஞ்ச வேலை. புத்தகத்தைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத கூட்டம். எங்க பசங்க அப்படி இல்ல."

டோக்கன் அக்காவுக்கு நாக்கு அரித்தது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. நம்பர் பார்த்துக் கொடுத்தது வெளியே வந்தால் வாக்கெடுப்பு செல்லாது, மறுபடி நடத்துவார்கள், அரங்கம் திரும்பி வந்தாலும் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டால் ஜன்னல் வராது. ஆனால் வாயை மூடிக்கொண்டால் இவள் சாகிறவரைக்கும் எங்க பசங்க எங்க பசங்க என்று நிமிர்ந்துகொண்டே திரிவாளே.

"உங்க பசங்களா?" என்றாள். "உன் நெட்டை எதுல போட்டான்னு போய்க் கேளு."

"என்னக்கா சொல்றீங்க?"

"பதினேழு. சிவப்பு வாளியில கிடந்துச்சு. என் கையாலதான் எடுத்து மாட்டினேன்."

சின்னவள் குழாயை மூடினாள். முகம் கறுக்கும் என்று டோக்கன் அக்கா காத்திருந்தாள். கறுக்கவில்லை.

"அவன் வேண்டாம்னுதான் போட்டான். எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"நான்தான் போடச் சொன்னேன்."

டோக்கன் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவங்க அம்மா பெட்டி ஒட்டுற கம்பெனிக்குப் போகுது. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. இந்தக் கட்டணம் வந்தா தங்கச்சிய நிறுத்திடுவாங்களாம். கொட்டகையில வந்து உட்கார்ந்துட்டு, 'சின்னம்மா, நீலத்துல போட்டா தங்கச்சி நின்னுடும், சிவப்புல போட்டா உங்க ரூம் போயிடும், என்ன செய்யட்டும்'னு கேட்டான். நான் என்னன்னு சொல்றது? வீட்டைப் பாருடான்னு சொல்லிட்டேன். வெளிய மட்டும் யார்கிட்டயும் சொல்லாத, மத்தப் பசங்க உன்னைப் பிச்சுடுவாங்கன்னேன்." சின்னவள் குடத்தின் வாயைத் துடைத்தாள். "சொல்லிட்டேனே தவிர, சோறு இறங்கலக்கா. திரும்பக் கூப்பிட்டு, டேய் சும்மா சொன்னேன், நீலத்துலயே போடுடான்னு சொல்லலாமான்னு கொட்டகை வாசல் வரைக்கும் போனேன். அவன் அதுக்குள்ள போயிட்டான்."

டோக்கன் அக்கா தன் காலிக் குடத்தைத் தரையில் வைத்தாள்.

"அது கிடக்கட்டும், நம்ம பொண்ணு எதுல போட்டா?" என்று கேட்டாள் சின்னவள்.

"சிவப்பு" என்றாள் டோக்கன் அக்கா. யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

சின்னவள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். பிறகு, "அப்ப எல்லாரோடதும் உங்களுக்குத் தெரியுமா? ரகசியமே இல்லையா?"

"போய்ச் சொல்லப் போறியா?"

"நான் சொன்னா ரூமுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. எனக்கு எதுக்கு?" குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ராத்திரி டோக்கன் அக்கா புரண்டு புரண்டு படுத்தாள். கோப்பைக்கு வயிறு எரிந்திருக்கிறாள், ஜன்னலுக்கு எரிந்திருக்கிறாள். ஆனால் இது மாதிரி எரிந்ததே இல்லை. தனக்கு வர வேண்டிய ரூமைத் தன் வாயாலேயே ஒருத்தி விட்டுக்கொடுத்துவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்லாமல் சட்டை துவைத்துக்கொண்டிருக்கிறாளே. நல்லவள் என்கிற பெயரிலுமா இவளே முந்திக்கொள்ள வேண்டும்? இவளுக்கு மட்டும் எல்லாவற்றையும் அளந்து கொட்டினார்களா?

விடிந்ததும் டோக்கன் அக்கா நேரே முதல்வர் அறைக்குப் போனாள். நியாயத்துக்காகத்தான் போனாள் என்று சொல்லிவிடலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவள் போனது சின்னவளுக்கு ஒரு படி கீழே நிற்கப் பிடிக்காமல்தான். அதனால் என்ன? போனாளே, அது போதும்.

முதல்வர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நம்பர் பார்த்துக் குடுத்தீங்களா?"

"ஆமா சார். கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒருத்திகிட்ட ஒரு நம்பரைச் சொன்னேன். அவ வெளிய விட மாட்டா."

"அப்ப விட்டுடலாம்மா. முடிஞ்சு போச்சு. மறுபடி ஆரம்பிச்சா மறுபடி சண்டை, கோஷம், எனக்கு ரத்த அழுத்தம்."

"இல்ல சார். மறுபடி வைங்க."

"வச்சா வேணும்னு வந்துடலாம். பிள்ளைங்ககிட்டல்லாம் வேண்டாம்னு பேசினது நீங்கதானே? எனக்குத் தெரியாதா? வந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு நான் சொல்லல சார். வைங்கன்னு சொல்றேன்."

அவர் நெற்றியைத் தடவினார். போன வாரம் இடித்த இடம் இன்னும் லேசாகப் புடைத்திருந்தது. கடைசியில், "சரி. ஆனா டோக்கன் நீங்க குடுக்கக் கூடாது. யாரோட நம்பரும் தெரியாத ஆள் குடுக்கணும்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "மைதானத்துல இருக்காங்களே, சின்னம்மா. பசங்களுக்குப் பிடிக்கும். அவங்க குடுக்கட்டும். பக்கத்துல ஒரு பேராசிரியரை உட்கார வச்சு, பேசினை மேல துணி போட்டு மூடிடலாம்."

தானே கேட்டு வாங்கிக்கொண்டது. யாரை நொந்துகொள்வது?

இரண்டாம் தடவை வாக்கெடுப்பு அன்றைக்குச் சின்னவள் மாடிப்படிக்குக் கீழே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே தலையை இடித்துக்கொண்டாள்.

"அம்மாடி! எப்படிக்கா இத்தனை வருஷம் இதுக்குள்ள இருந்தீங்க?"

"பழகினா இடிக்காது" என்றாள் டோக்கன் அக்கா. அவளையும் அறியாமல் கொஞ்சம் பெருமையாக வந்தது குரல். பேசினைத் தூக்கி வைத்துத் துணியால் மூடினாள். போகாமல் நின்றாள். பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் குழாயடியில பொய் சொல்லிட்டேன்" என்றாள். "அவ நீலத்துலதான் போட்டா. உனக்குத்தான்."

"தெரியும்க்கா."

"அதுவும் தெரியுமா?"

"அன்னிக்கே ஓடி வந்து சொல்லிட்டா. சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டா."

"பெத்தவகிட்ட சொல்லல, உன்கிட்ட சொன்னாளா?"

"நீங்க திட்டுவீங்கன்னு பயம்க்கா."

"திட்டுவேன்தான்! திட்டுற உரிமையும் எனக்கு இல்லையா?"

வரிசை வந்துவிட்டது. டோக்கன் அக்கா எதிர்ச் சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம், ஆனாலும் குனிந்தே இருந்தாள். தன் டோக்கன்கள் சின்னவள் கையால் போவதைப் பார்த்தாள். பிள்ளைகள் வாங்கிக்கொண்டு, "தாங்க்ஸ் சின்னம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நாற்பதாம் நம்பர் வந்து, "என்னோடது வருமா?" என்று கேட்டாள். "எது வருதோ அதான் கண்ணு" என்று சொல்லி எதையோ எடுத்துக் கொடுத்தாள் சின்னவள். நாற்பது பேசாமல் வாங்கிக்கொண்டது. அதுவே இவள் சொல்லியிருந்தால் கெஞ்சியிருக்காதா?

நெட்டை வந்தான். யாரையும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனான். மகள் வந்தாள். சித்தியைப் பார்த்தாள், சுவரோரம் இருந்த அம்மாவைப் பார்த்தாள். மறைப்புக்குப் பின்னால் வாளியில் அலுமினியம் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு வாளிக்கும் சத்தம் ஒன்றுதான். டோக்கன் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், ஒன்றும் பிடிபடவில்லை.

நாலு மணிக்கு எண்ணி முடித்தார்கள். வேண்டும், நானூற்று நாற்பத்து மூன்று. வேண்டாம், நானூற்று நாற்பத்தேழு. நாலே நாலு பேர் வித்தியாசத்தில் கட்டணம் மறுபடியும் வேண்டாம் என்றாகிவிட்டது. முதல்வர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, பழைய மாணவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், அதுவரைக்கும் கொட்டகைக்குப் புதுத் தகரமாவது போட்டுத் தருகிறேன் என்றார். தகரத்துக்குப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை.

சின்னவள் அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். டோக்கன் அக்கா தான் ஜெயித்ததாக நினைத்து வயிறு குளிர்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் குளிர்ந்தது. நினைத்த அளவுக்கு இல்லை.

டோக்கன்களைப் பேசினோடு உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு அவள் வெளியே வந்தபோது, மகளும் சின்னவளும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். சித்தியின் பையையும் மகளே தூக்கியிருந்தாள். மகள் குனிந்து சித்தியின் காதில் ஏதோ சொன்னாள். சின்னவள் அவள் முதுகில் ஓர் அடி போட்டாள். இரண்டு பேரும் நடு வழியில் நின்று சிரித்தார்கள்.

எதில் போட்டாள் என்றுதான் சொல்லியிருப்பாள். வேறென்ன?

"ஏய், நில்லுங்கடி ரெண்டு பேரும்!" என்று கத்தினாள் டோக்கன் அக்கா. "என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லிட்டுச் சிரிங்க!"

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். டோக்கன் அக்கா செருப்பு சத்தம் போட, எட்டி எட்டி நடந்தாள்.